சென்னைத் தேவாலயப் பதிவேடுகளும் அயர்லாந்து மூதாதையர் தேடலும்

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து தமிழகம் வந்த அயர்லாந்துக்காரர்களின் வம்சாவளியை அறிய உதவும் ஆவணங்களில் முதன்மையானவை தேவாலயப் பதிவேடுகள். திருவள்ளூர் மாவட்டத்துக் கனகம்மாசத்திர வட்டாரத்துக்கு இந்தப் படையினரோடு நேரடித் தொடர்பு உண்டு. திருவள்ளூர்ச் சாலையிலுள்ள திருப்பாச்சூர்க் கோட்டையை 1781இல் கைப்பற்றிய தளபதி சர் அயர் கூட், லிமரிக் பகுதியில் பிறந்தவர். அதே ஆண்டு சோளிங்கரில் ஐதர் அலியுடன் பொருதியதும் அவர் படையே. பிற்காலத்தில் ஓய்வுபெற்ற ஐரோப்பியப் படைவீரர்கள் திருப்பாச்சூரில் குடியமர்த்தப்பட்டனர்.

சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேடு அவ்வாண்டே கம்பெனி அலுவலர் எலிகு யேலின் திருமணத்துடன் தொடங்குகிறது. ராபர்ட் கிளைவின் 1753ஆம் ஆண்டுத் திருமணமும் அதில் உண்டு. 1698 முதலான சென்னைப் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பதிவேடுகள் ஏராளமாக அழிந்தன. ஆகவே சில குடும்பங்களுக்குச் சென்னைப் பதிவே மிஞ்சிய சான்றாகலாம். கத்தோலிக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின; ஆனால் பல பங்குகளில் அவை 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் செல்வதில்லை.

தேடுவோர் குடும்பப்பெயரின் எழுத்து வேறுபாடுகளையும், தந்தையின் படைப்பிரிவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இப்படைவீரர்களின் பிள்ளைகளைப் பெற்ற இந்தியத் தாய்மாரின் இயற்பெயர் பல பதிவுகளில் இல்லை. ஞானஸ்நானப் பெயர் மட்டுமே இருக்கும், அல்லது அதுவும் இராது. தாய்வழித் தமிழ்க் குடும்பம் எதுவென்று அறிய விரும்பும் சந்ததியினருக்கு இது பேரிழப்பு.