சரக்கொன்றை சீனம் போன கதை



நம் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலின் தலமரம் சரக்கொன்றை. கோடையில் இலையுதிர்த்துச் சரம் சரமாக மஞ்சள் பூ தொங்கும். அப்பர் பெருமான் சூலை நோய் தீர்ந்து பாடியது இக்கோயிலில்தான்; காலம் 7ஆம் நூற்றாண்டு.

அடுத்த நூற்றாண்டிலேயே இந்த மரம் சீன மருத்துவத்தில் இடம்பிடித்துவிட்டது. 739 வாக்கில் சென் சாங்சி என்பவர் தொகுத்த மருந்து நூலில் இதன் பெயர் 'அலெபோ'. வடமொழியில் 'ஆரக்வதம்' என்பதன் திரிபு அது. மருந்தோடு பெயரும் சேர்ந்தே போயிருக்கிறது! காய்க்குள் இருக்கும் கறுத்த சதை மலமிளக்கி. 1563இல் கோவாவில் போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்டா வெளியிட்ட நூலும் இதைப் பேசுகிறது.

இத்தனை பெருமை உள்ள காயை நாம் குப்பையோடு கூட்டித் தள்ளுகிறோம். இனி விதையை எடுத்து வையுங்கள். தோல் கெட்டி, அப்படியே போட்டால் முளைக்கத் தாமதமாகும். உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றுங்கள். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும்.

வைத்தியரைக் கேட்காமல் யாரும் உட்கொள்ள வேண்டாம். நெய்வேலியிலும் பண்ருட்டியிலும் வீட்டைச் சுற்றி இடம் இருப்பவர்கள், இந்த மழைக்காலத்தில் ஆளுக்கொரு கன்று நடுங்கள். நட்டவர்கள் எனக்குப் படம் அனுப்புங்கள்.