பெயர்ப்பட்டையில் முத்துசாமி

1992இல் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் சூ வீ கியாங், தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தை வைத்து ஒரு நகைச்சுவை உதிர்த்தார். ஒரு நாள் மாலை லிட்டில் இந்தியா பக்கம் கார் ஓட்டிப் போனாராம். ஒரே இருட்டாம். விளக்கு இல்லாததால் அல்ல, இந்தியர்கள் ஏகப்பட்ட பேர் நின்றதால். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இது புதுக் கேலி இல்லை. வகுப்பறையில், ராணுவ முகாமில், காப்பிக்கடையில் தலையை ஆட்டிக்காட்டிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். முகம் சுளித்தால் “சும்மா விளையாட்டுக்குத்தானே” என்று பதில் வரும். இந்த ஊரில் இனக்கேலி பகையைக் காட்டிக்கொண்டு வருவது அபூர்வம். அதனால்தான் அதன் வரலாற்றைத் தேடுகிறவர் கட்சி மேடைகளைவிட ரசிகர் கூட்டங்களைப் பார்ப்பது நல்லது.

முதல் ‘சிங்கப்பூர் ஐடல்’ பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று 2004 டிசம்பரில் நடந்தது. தௌஃபிக் பத்திஷா, சில்வெஸ்டர் சிம் என்று இருவர். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். பதிவான சுமார் 11 லட்சம் வாக்குகளில் 62 விழுக்காட்டைப் பெற்று தௌஃபிக் ஜெயித்தார். நாட்டில் மலாய்க்காரர் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். சீன ரசிகர்களும் இந்திய ரசிகர்களும் குரலுக்காக ஓட்டுப் போட்டார்கள் என்று மகிழலாம். ஆனால் மலாய்க்காரர்கள் கூடிப் பேசி மொத்தமாகக் குத்திவிட்டார்கள் என்ற முணுமுணுப்பும் கூடவே கிளம்பியது. சீனர் ஜெயித்திருந்தால் இந்தக் கணக்கை எவரும் போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு இனவசவு நீதிமன்றம் வரை போனது. டாக்சியில் நாய்களைக் கூண்டில்லாமல் ஏற்றலாமா என்று ஒரு முஸ்லிம் பெண் 2005 ஜூலையில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். நாய்ப் பிரியர்கள் கூடும் இணையதளம் ஒன்றில் அந்தக் கடிதத்துக்குப் பதிலாக வந்தவை மலாய்க்காரரையும் இஸ்லாத்தையும் இழிக்கும் வசவுகள். நெடுங்காலம் தூங்கிக் கிடந்த தேசநிந்தனைச் சட்டத்தை அரசாங்கம் தூசி தட்டி எடுத்தது. அக்டோபரில் அந்தத் தளத்தில் எழுதியவருக்கு ஒரு நாள் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும், தன் வலைப்பக்கத்தில் எழுதிய இன்னொருவருக்கு ஒரு மாதச் சிறையும் கிடைத்தன. மூன்றாவதாகச் சிக்கியவனுக்கு வயது 17. அவனை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்த நீதிமன்றம், மலாய்ச் சமூகத்தாரிடையே 180 மணி நேரம் தொண்டு செய்யச் சொன்னது. மூன்று தண்டனைகளில் யோசித்துக் கொடுத்தது இது ஒன்றுதான்.

வசவைச் சட்டம் பிடித்துவிடும். வேடிக்கையை என்ன செய்வது?

2017 மே மாதம் ஷ்ரே பார்கவா என்ற இளம் நடிகர் ‘ஆ பாய்ஸ் டு மென்’ நான்காம் படத்தின் ஆடிஷனுக்குப் போய்வந்தார். ஜாக் நியோவின் அந்தப் படவரிசை கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையைப் பற்றியது. தேசிய சேவையோ எல்லா இனத்து ஆண்களுக்கும் பொதுவான கடமை. அங்கே தன்னை “இன்னும் இந்தியனாக” நடிக்கச் சொன்னார்கள் என்று அவர் ஃபேஸ்புக்கில் எழுதியதும் படத்தின் ரசிகர்கள் பொங்கினார்கள். நடிகன் என்றால் சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே என்றார்கள். யாரோ புகார் கொடுக்க, போலிஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது.

“இன்னும் இந்தியனாக” என்று அவரிடம் கேட்ட உச்சரிப்பு, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவரின் ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் புதுக்கோட்டை, தஞ்சாவூர்த் தொழிலாளிகளின் பேச்சைக் கேட்டு உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். சீனர் சிரித்தால் இனவாதம், நாம் சிரித்தால் தமாஷ் என்பது கொஞ்சம் வசதியான கணக்கு.

2019 ஜூலையில் வந்தது ‘இ-பே’ விளம்பரம். உணவங்காடியிலும் காப்பிக்கடையிலும் ரொக்கமில்லாமல் காசு கட்டும் வசதிக்கான விளம்பரம். நடித்தவர் டென்னிஸ் சியூ. ‘ஆன்டி லூசி’ என்ற பெண் வேடத்தால் பேர்பெற்ற சீனக் கலைஞர். நாலு வேடமும் அவரே: இரண்டு சீனர், முக்காடு போட்ட மலாய்ப் பெண், இந்திய ஆண். இந்தியருக்காக முகத்தில் கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சட்டையில் ஒரு பெயர்ப்பட்டை: கே. முத்துசாமி. நிஜ முத்துசாமி ஒருவரைத் தேடிப் பிடிக்க முடியாத நாடா சிங்கப்பூர்? வேடம் கட்டுவது சியூவின் தொழில், இதில் இனம் எங்கே வந்தது என்று அவருடைய ரசிகர்கள் கேட்டார்கள்.

நகைச்சுவைக் காணொளிகளால் பிரபலமான ப்ரீத்தி நாயரும் அவருடைய அண்ணன், ராப் பாடகர் சுபாஸ் நாயரும் அந்த விளம்பரத்தைச் சாடி, கெட்ட வார்த்தைகள் கலந்து ஒரு ராப் காணொளி வெளியிட்டார்கள். அரசாங்கம் அதை நீக்கச் சொன்னது. விளம்பரத்தைத் தயாரித்தவர்கள் அதற்குள் ஒரு மன்னிப்பு அறிக்கை விட்டிருந்தார்கள். அண்ணனும் தங்கையும் அதே அறிக்கையை எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றித் தங்கள் மன்னிப்பாக வெளியிட்டார்கள். உள்துறை அமைச்சு அதைப் போலி மன்னிப்பு என்று கண்டித்தது. உண்மைதான். ஆனால் அந்தப் போலியின் மூலப்பிரதி மட்டும் செல்லுபடியாகிவிட்டது.

விளம்பரம் இணைய நெறிமுறையை மீறவில்லை என்று முடிவானது. நாயர்கள் இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை. அந்தக் காலத்தில் வெளியிட்டவற்றுக்காகச் சுபாஸ் மீது வழக்கு வந்து, 2023இல் ஆறு வாரச் சிறை விதிக்கப்பட்டது.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. குற்றம் கடுமையானதாக இல்லாவிட்டால், தவறு செய்தவர் தாமே முன்வந்து, தாம் புண்படுத்திய சமூகத்தைப் புரிந்துகொள்ளும் நடவடிக்கைகளில் ஈடுபட அதில் வழி உண்டு. 17 வயதுப் பையனுக்கு ஒரு நீதிபதி காட்டிய வழி, 20 ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஒப்பனைப் பெட்டியோடு வரும் கேலிக்கும் அது பொருந்துமா என்பது இனி வரும் ஏதோ ஒரு விளம்பரத்தில்தான் தெரியும்.