மடியில் கனம்: ஒரு துப்பாக்கி உறையின் கதை



இன்றைக்குக் கொஞ்சம் வித்தியாசமான பொருள். நீளமாகவும் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நம்மிடம் படித்த பலர் இன்று டெக்சாஸ், ஒஹையோ, ஜார்ஜியா என்று அமெரிக்காவில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ வாங்கிய பிறகு சிலர் கைத்துப்பாக்கியும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்: "சார், வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கு. ஆனா உட்கார்ந்தால் குத்துது, நின்றால் இழுக்குது. உறுத்தாத உறை எது என்றே தெரியலை."

நான் வரலாற்று வாத்தியார், கடைக்காரர் இல்லை. ஆனால் ஹோல்ஸ்டர் என்கிற அந்தத் துப்பாக்கி உறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் விளங்கும். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள் நம் ஊரில். அங்கே வழியில் பயம் என்பதால் மடியில் கனம் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஆரம்பத்தில் கைத்துப்பாக்கியை மனிதன் சுமக்கவில்லை, குதிரை சுமந்தது. சேணத்தின் முன்பக்கம் இரண்டு புறமும் தொங்கும் தோல் உறைகளில் ஜோடியாக வைத்திருப்பார்கள். 1847இல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வரின் எடை ஏறக்குறைய 2 கிலோ. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு யார் நடப்பது? 1851இல் கோல்ட் நேவி ரிவால்வர் வந்தபோது எடை சுமார் 1.2 கிலோவாகக் குறைந்தது. அதற்குச் சற்று முன்புதான், 1848இல், கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து ஊரே அங்கு ஓடியது. குதிரையை விட்டு இறங்கி மண்ணைத் தோண்டுகிறவனுக்குத் துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டியிருந்தது. ரிவால்வரின் வடிவத்துக்கே ஒட்டித் தைத்த ஒல்லியான தோல் உறைகள் அப்போது பரவின. கலிபோர்னியா உறை என்றே அதற்குப் பெயர்.

ராணுவத்தின் தேவை வேறு. உள்நாட்டுப் போர்க் காலத்துக் குதிரைப் படை உறையில் மேலே ஒரு பெரிய மூடி இருக்கும். மழையும் தூசியும் போகக் கூடாது, குதிரை பாயும்போது துப்பாக்கி விழக் கூடாது. வேகமாக உருவுவது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். தொடையில் தாழ்வாகத் தொங்கும் உறையிலிருந்து கண் இமைக்கும் நேரத்தில் உருவிச் சுடுவார்களே, அது? நம்மவர்களுக்குக் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' எல்லாம் நினைவுக்கு வரும். அந்த உறை பெருமளவு 1950களின் ஹாலிவுட் தயாரிப்பு. ஆர்வோ ஓஜாலா என்பவர் தோலுக்குள் உலோகத் தகடு வைத்துத் தைத்து, நடிகர்களுக்கு வேகமாக உருவவும் கற்றுக்கொடுத்தார். உண்மையான மாட்டுக்காரர்கள் இடுப்பில் உயரமாகத்தான் கட்டினார்கள். துப்பாக்கி கீழே விழாமல் இருப்பதே அவர்களுக்கு முக்கியம்.

இனி முக்கியமான விஷயம். இதுவரை சொன்ன உறைகள் எல்லாம் வெளியே தெரிபவை. மறைத்து வைத்துக்கொள்வதை அன்றைய அமெரிக்கா எப்படிப் பார்த்தது தெரியுமா? ஈனச் செயலாகப் பார்த்தது.

1813இல் கென்டக்கியும் லூசியானாவும் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்தன. வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளத் தடையில்லை. கைத்தடிக்குள் வாள் வைத்திருந்த பிளிஸ் என்பவரின் வழக்கில், 1822இல், கென்டக்கி நீதிமன்றம் அந்தச் சட்டம் மாநில அரசியலமைப்புக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. மாநிலம் விடவில்லை. 1850இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பிலேயே, மறைத்து வைப்பதைத் தடுக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று எழுதிவிட்டார்கள். அதே 1850இல் லூசியானா உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்றது. நேர்மையானவன் எல்லோருக்கும் தெரியும்படி ஆயுதம் தரிப்பான், மறைத்து வைப்பவன் மறைந்திருந்து தாக்குவான் என்பதே அதன் எண்ணம். 1897இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், மறைத்து வைப்பதைத் தடுக்கும் சட்டங்கள் ஆயுத உரிமையை மீறுவதாகாது என்று ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது.

அந்த எண்ணத்துக்குக் காரணம் இருந்தது. 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் கொண்டுவந்தது, ஹென்றி டெரிஞ்சர் என்ற பிலடெல்பியா தொழிலாளர் பெயரால் வழங்கிய சின்னக் கைத்துப்பாக்கி. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அதற்கு உறையே தேவையில்லை, சட்டைப் பை போதும்.

மேற்குப் பகுதி ஊர்களிலும் இதே கவலைதான். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881இல் ஊருக்குள் ஆயுதம் எடுத்துச் செல்வதைத் தடுக்கும் விதி இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று ஓ.கே. கொட்டில் அருகே நடந்து, அரை நிமிடத்தில் மூன்று உயிர்களைக் குடித்த பிரபலமான சண்டை, அந்த விதியை அமல்படுத்தப் போன இடத்தில்தான் மூண்டது. அதில் பேர்பெற்ற வயட் எர்ப் துப்பாக்கியை எங்கே வைத்திருந்தார்? எதிராளிகளிடம் ஆயுதம் இல்லை என்று ஷெரிஃப் சொன்னதால் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டதாகப் பின்னர் அவரே வாக்குமூலம் கொடுத்தார். சினிமாவில் பார்க்கும் உறை அங்கே இல்லை.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது மறைப்பது இன்னும் எளிதானது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த தட்டையான தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் பெல்ஜியத்தில் தயாராகி உலகெங்கும் போயின. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்து பிரௌனிங்தான். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் அதே வகை. மணியாச்சி சம்பவம் நடந்த அதே 1911இல், மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற சல்லிவன் சட்டத்தை நியூயார்க் கொண்டுவந்தது.

அடுத்து அரசாங்கமே மறைக்க ஆரம்பித்தது. 1934இல் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கு ஆயுதம் வைத்துக்கொள்ள நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்தது. அவர்கள் சீருடை அணியாதவர்கள். கோட்டுக்குள் துப்பாக்கி தெரியக் கூடாது. இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், பிடி முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்தார்கள். அந்தச் சாய்வுக்கு இன்றும் எஃப்.பி.ஐ. சாய்வு என்றுதான் பெயர்.

ஜேம்ஸ் பாண்டும் இந்தக் கதையில் உண்டு. 1956இல் ஜெஃப்ரி பூத்ராய்டு என்ற துப்பாக்கி ஆர்வலர், எழுத்தாளர் இயன் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். பாண்ட் வைத்திருக்கும் சின்ன பெரெட்டாவும் மெல்லிய தோல் உறையும் அவர் தொழிலுக்கு உதவாது என்று சொல்லி, பெர்ன்ஸ்-மார்ட்டின் என்ற உறையைப் பரிந்துரைத்தார். ஃபிளெமிங் அதை ஏற்று, 1958இல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டுக்கு வால்தர் பி.பி.கே. துப்பாக்கியும் அந்த உறையும் கொடுத்தார். ஒரு சிக்கல்: அந்த உறை ரிவால்வருக்கானது, வால்தருக்குப் பொருந்தாது! கதையில் அது ஓடிவிடும். வீட்டில் ஓடாது.

பிறகு காற்று திசை மாறியது. 1987இல் ஃப்ளோரிடா, தகுதி உள்ள எவர் கேட்டாலும் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸின் கில்லீன் நகரில் ஒரு உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த சுசானா ஹப், எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தராததால் தன் துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். அவர் நாடெங்கும் சாட்சி சொன்னார். 1995இல் டெக்சாஸும் சட்டத்தை மாற்றியது. 2022இல் உச்ச நீதிமன்றம், சல்லிவன் சட்ட வழியில் வந்த நியூயார்க்கின் கடுமையான உரிம நிபந்தனையை ரத்து செய்தது. 2024 வாக்கில் 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

1850இல் கோழையின் அடையாளம். இன்று அடுத்தவரை மிரட்டாத நாகரிகம். பொருள் அதேதான், அதைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. பரீட்சைக்குப் படித்தபோது நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: சட்டத்தின் வாசகத்தை மட்டும் படிக்காதீர்கள், அந்தக் காலத்து மனிதன் எதற்குப் பயந்தான் என்று பாருங்கள்.

இப்போது உறுத்தல் விஷயத்துக்கு வருகிறேன். முன்பு துப்பாக்கி வைத்திருந்தவன் வேலைக்காகச் சில மணி நேரம் வைத்திருந்தான். இன்று அலுவலகம், மளிகைக் கடை, கார் என்று நாள் முழுக்க ஒரு சாதாரணக் குடும்பத் தலைவர் சுமக்கிறார். தோட்டா நிரப்பிய நடுத்தரத் துப்பாக்கி முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். உறுத்தினால் என்ன செய்வார்? கழற்றி வைப்பார். எங்கே? கார் இருக்கைக்கு அடியில், கைப்பையில், கட்டில் பக்கத்தில். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. 2014 இறுதியில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு இளம் தாய், துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை கொண்ட கைப்பையோடு கடைக்குப் போனார். இரண்டு வயது மகன் கை அதற்குள் போயிற்று. அந்தத் தாய் பிழைக்கவில்லை. ஆகவே சுகமான உறை என்பது சொகுசு அல்ல. ஆயுதம் உடம்பை விட்டு இறங்காமல் இருப்பதற்கான வழி.

ஆனால் சுகம் மட்டும் பார்த்தாலும் ஆபத்து. 2008 நவம்பரில் பிளாக்சிகோ பர்ரஸ் என்ற புகழ்பெற்ற கால்பந்து வீரர், நியூயார்க் இரவு விடுதி ஒன்றுக்கு உறையே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். துப்பாக்கி கால்சட்டைக்குள் வழுக்கியது, பிடிக்கப் போனார், தொடையில் சுட்டுக்கொண்டார். உரிமமும் இல்லாததால் 2 ஆண்டு சிறைத் தண்டனை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தன் அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

எனவே பார்க்க வேண்டிய வரிசை இது:

1. சுடும் விசை முழுவதும் மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினாலும் விரல் பதியாத கெட்டியான பொருளாக இருக்க வேண்டும். மெல்லிய துணி உறை வேண்டாம்.

2. உங்களிடம் இருக்கும் அதே மாடலுக்குச் செய்த உறையாக இருக்க வேண்டும். பாண்ட் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. தோட்டாவை எடுத்துவிட்டு, இரண்டு முறை சரிபார்த்து, உறையைத் தலைகீழாகப் பிடியுங்கள். துப்பாக்கி விழக் கூடாது.

4. துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே இருக்க வேண்டும். பழைய தோல் தொய்ந்து உள்ளே மடங்கினால், திரும்பச் செருகும்போது விசையில் மாட்டும்.

5. இவை நான்கும் தேறிய பிறகுதான் சுகம். பாதிப் பிரச்சினை உறையில் இல்லை, பெல்ட்டில் இருக்கிறது. கெட்டியான பெல்ட் கனத்தை இடுப்பு முழுக்கப் பரப்பும். கால்சட்டைக்குள் வைப்பவர்கள் ஒரு சுற்றுப் பெரிய அளவு வாங்க வேண்டும். தொப்பை உள்ளவர்களுக்கு முன்பக்கம் வைத்தால் உட்காரும்போது குத்தும். இடுப்பின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், அந்த எஃப்.பி.ஐ. சாய்வோடு வைத்துப் பார்க்கலாம். நடு முதுகில் வேண்டவே வேண்டாம். வழுக்கி விழுந்தால் முதுகெலும்புக்குக் கேடு. தோல் உடம்புக்கு இதம், ஆனால் வியர்வையை உறிஞ்சும். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் வியர்வைக்கு அசையாது, ஆனால் ஓரம் உரசும். வெற்றுத் துப்பாக்கியோடு வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து, குனிந்து, மாடி ஏறிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. ஊருக்கு வரும்போது, பயிற்சிக்கு எடுத்துப்போகும் பையைப் பெட்டியில் வைக்காதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் நம் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும்.

துப்பாக்கி வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. வளர்ந்தவர்கள் நீங்கள், அங்குள்ள வாழ்க்கை உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உறையைத் தேடும் அளவுக்கு வீட்டில் ஒரு பூட்டும் பெட்டகத்தையும் தேடுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போகும் உறவுகளும் தயங்காமல் கேளுங்கள்: "தம்பி, அந்தச் சாமானை எங்கே வச்சிருக்கே? பூட்டியிருக்கா?" சமையலறையில் கேஸ் மூடியிருக்கா என்று கேட்பது போலத்தான் இதுவும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்