பாலத்தின் கீழே ஒரு துறைமுகம்



"கப்பல்! கப்பல்!" என்று ஒரு சிறுபிள்ளை கூவியது. தமிழ்க்குரல் கேட்ட மகிழ்ச்சியில் திரும்பிப் பார்த்தேன். நான் நின்றது மலேசியாவின் மலாக்கா நகரத்தில், ஆறு கடலைச் சேரும் கழிமுகத்து இறங்குதுறையில். பிள்ளையின் கையைப் பிடித்திருந்த மூதாட்டி பத்திக் சாரமும் கெபாயாச் சட்டையும் அணிந்திருந்தார். நெற்றியிலே திருநீறு.

"எந்த ஊர் அம்மா?" என்று கேட்டேன். அவர் புன்னகை செய்தார். பதில் ஆங்கிலத்தில் வந்தது. தமக்குத் தமிழ் தெரியாதாம், பேரப்பிள்ளைக்கும் தெரியாதாம். தாங்கள் மலாக்காச் செட்டிகள் என்றார். பிள்ளை கூவியது மலாய்ச் சொல். மலாய் மொழியிலும் கப்பலுக்குக் 'கபல்' என்றே பெயர். கடையைக் 'கெடாய்' என்றும் பெட்டியைப் 'பெத்தி' என்றும் சொல்கிறார்களே, அவற்றைப் போல் நம்மிடமிருந்து கடல் கடந்து போன சொல் அது.

பிள்ளை சுட்டிக் காட்டிய கப்பல் மிதக்கவில்லை. கரையிலே நிலையாக நிற்கிறது. போர்த்துக்கேயரின் பழைய பாய்க்கப்பல் ஒன்றின் மாதிரியாக அதைக் கட்டி, உள்ளே கடல்சார் அரும்பொருட்காட்சிச்சாலை அமைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பலின் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

மலாயா என்றதும் நம்மவரில் மூத்தவர்களுக்கு ஈப்போவும் கோலாலம்பூரும், புகையிரத இலாகா உத்தியோகமும், மாதம் தவறாது வந்த மலாயாப் பென்சனும் நினைவுக்கு வரும். அது பிரித்தானியர் காலத்துக் கதை. மலாக்காவில் தமிழ் வணிகன் கால் வைத்த கதையோ அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. அந்தக் கதையைத் தேடித்தான் நான் படகேறினேன்.

படகு புறப்பட்டது. கடலை நோக்கிப் போகும் என்று எண்ணியிருந்தேன். அதுவோ கடலுக்கு முதுகு காட்டி உள்நாட்டை நோக்கித் திரும்பியது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஒன்று இடங்களைச் சொல்லிக்கொண்டு வந்தது. வலப்பக்கம் ஒல்லாந்தர் கட்டிய செந்நிறக் கட்டடங்கள். இடப்பக்கம் பழைய வணிகர் வீடுகளின் பின்சுவர்கள். அச்சுவர்களில் வண்ண வண்ண ஓவியங்கள். வீடுகளின் முகம் வீதியைப் பார்த்திருக்க, முதுகுதான் ஆற்றுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் அந்த முதுகுதான் முகம். சரக்கு வந்து இறங்கியது அந்தப் பக்கத்தில்தான்.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் பரமேஸ்வரா என்னும் இளவரசன் இங்கே ஓர் அரசை நிறுவினான். சில பத்தாண்டுகளில் இவ்வூர் கீழைத்தேயத்தின் பெருஞ்சந்தையாயிற்று. காரணம் காற்று. சீனத்துக் கப்பல் வாடையோடு வந்து சோளகத்தோடு திரும்பும். மேற்கேயிருந்து வருபவர்களுக்கு வேறு பருவம். ஆகவே யாராயினும் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் சரக்கைக் காப்பதற்குக் கிட்டங்கி வேண்டும். சண்டை வந்தால் தீர்ப்பதற்குச் சட்டம் வேண்டும். மலாக்கா இரண்டையும் கொடுத்தது.

வணிகர்களுக்கென நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர். தமிழர், வங்காளத்தார், பெகுவார், பாசையார் ஆகியோருக்கு ஒருவர். சாவகத்தாருக்கும் கீழைத்தீவினருக்கும் ஒருவர். சீனருக்கும் அவர்தம் அயலவருக்கும் ஒருவர். 1512 முதல் இங்கு தங்கியிருந்த தோமே பீரெஸ் என்ற போர்த்துக்கேயர், இந்நகரில் எண்பத்து நான்கு மொழிகள் பேசக் கேட்கலாம் என்று எழுதி வைத்தார்.

அவர் தரும் தகவல்களுள் என் மனத்தைத் தொட்டது ஒன்று. மேற்கேயிருந்து கப்பல் வந்ததும் சரக்கை மதிப்பிடப் பத்து வணிகர்களை அழைப்பார்களாம். அவர்களுள் ஐவர் கெலிங்குகள். மற்ற ஐவர் பிற நாட்டவர். கெலிங் என்பது அந்நாளில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையின் தமிழ் வணிகரைக் குறித்த பெயர். அதிகாரி முன்னிலையில் மதிப்பு முடிந்ததும் நூற்றுக்கு ஆறு வீதம் தீர்வை. அதன்பின் சரக்கு கைமாறும். சிந்தித்துப் பாருங்கள். முகம் தெரியாத ஊரில், மொழி தெரியாத கப்பற்காரன், பத்துப் பேருடைய சொல்லை நம்பித் தன் துணியையும் பட்டையும் ஒப்படைக்கிறான். அந்தப் பத்தில் பாதி நம் வணிகர்! ஆழமான ஆறுகள் உலகில் எத்தனையோ உண்டு. மலாக்காவைத் துறைமுகமாக்கியது அந்த நம்பிக்கைதான்.

படகு ஒரு பாலத்தின் கீழே நுழைந்தது. தலைக்கு மேலே மனிதர் நடமாட்டம். இப்போதுள்ள பாலம் 1862இல் ஒரு சீனச் செல்வரின் கொடையால் எழுந்து, 1963இல் திருத்திக் கட்டப்பட்டது. அவர் பெயரால் தான் கிம் செங் பாலம் எனப்படுகிறது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. சற்று இசை ஒலித்தது. பாலம் பின்னே போயிற்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே இடத்தில் இருந்த மரப்பாலத்தில்தான் மலாக்காவின் தலையெழுத்து தீர்ந்தது. அந்தக் கதையைக் குரல் சொல்லவில்லை.

ஆற்றின் ஒரு கரையில் சுல்தானின் அரண்மனையும் பள்ளிவாசலும். மறு கரையில் உப்பே எனப்பட்ட வணிகர் குடியிருப்பு. இரண்டையும் இணைத்தது அந்தப் பாலம் ஒன்றே. பாலத்தைப் பிடித்தவன் நகரை இரண்டாக வெட்டிவிடலாம். 1511 ஜூலை 25ஆந் திகதி அபோன்சோ டி அல்பூகேர்க் என்னும் போர்த்துக்கேயத் தளபதி பாலத்தைத் தாக்கினான். பிடித்தான், ஆயினும் நிலைக்க முடியாமல் கப்பல்களுக்குப் பின்வாங்கினான். அடுத்த முறை உயரமான சீன மரக்கலம் ஒன்றைப் படைவீரரால் நிரப்பி ஆற்றுக்குள் விட்டான். அது மணல்திட்டில் தட்டி நின்றது. பெருவெள்ளம் ஏறும் நாள்வரை காத்திருந்தார்கள். நீர் உயர்ந்தது, மரக்கலம் பாலத்தை நெருங்கியது. ஆகஸ்ட் 10ஆந் திகதி பாலம் வீழ்ந்தது. அந்த மாதம் முடியுமுன் நகரமும் வீழ்ந்தது. எந்த ஆறு செல்வத்தைச் சுமந்து வந்ததோ, அதே ஆறு பகைவனையும் சுமந்து வந்தது.

ஆனால் நேயர்களே, பாலம் வீழ்வதற்கு முன்பே வேறொன்று வீழ்ந்திருந்தது. 1510இல் சுல்தான் மஹ்மூத் தன் முதலமைச்சர் துன் முதாஹிரை ஐயத்தின் பேரில் கொல்வித்தான். அவருக்கு எதிராக ஓதப்பட்ட கோளிலே கெலிங் வணிகர் ஒருவருக்கும் பங்குண்டு என்று மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு கூறுகிறது. 1509இல் முதன்முதல் வந்த போர்த்துக்கேயர் சிலர் நகரில் சிறைப்பட்டிருந்தனர். அவர்களுக்கு உதவியவர் நினா சாத்து என்ற தமிழ் வணிகர். நயினா என்பதே போர்த்துக்கேயர் வாயில் நினா ஆயிற்று என்பர். சிறைப்பட்டவர்கள் அல்பூகேர்க்குக்கு எழுதிய கடிதம் வெளியே போனதும் அவர் துணையால்தான்.

இதை எப்படி எடைபோடுவது? பசித்த சிறைவாசிக்குச் சோறிடுவது அறம். நகரத்தின் நிலைமையைப் பகைவனுக்கு அறிவிக்கும் கடிதத்தைக் கடத்துவது அறமா? ஆள்பவன் மாறினாலும் சந்தை மாறாது என்று அந்த வணிகர் எண்ணியிருக்கலாம். வணிகன் இப்படி எண்ணுவது உலகத்தில் புதிதல்லவே. வெற்றி பெற்ற போர்த்துக்கேயர் அவரையே பெண்டாஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார்கள். 1514இல் அதே போர்த்துக்கேயர் அப்பதவியை அவரிடமிருந்து எடுத்துக் கம்பார் அரசனுக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாளாமல் அவர் தீயில் பாய்ந்து உயிர் நீத்தார் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே எழுதினார்கள்.

நம்மவர் கடல் கடந்த பெருமையைப் பேச நாம் என்றும் பின்நிற்பதில்லை. பேச வேண்டியதுதான். ஆனால் பத்துப் பேரில் ஐவராய் அமர்ந்து நம்பிக்கையைக் காத்தவரும் நம்மவர். அந்த நம்பிக்கை உடைந்த வேளையில் கதவருகே நின்றவரும் நம்மவர். முதலாவதை உரிமை கொண்டாடுபவன் இரண்டாவதையும் ஏற்கத்தான் வேண்டும்.

பள்ளிவாசலினதும் அரச சமாதிகளினதும் கற்களைப் பெயர்த்துப் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். மிளகிலும் கிராம்பிலும் தமக்கே முதலுரிமை என்றார்கள். முஸ்லிம் வணிகர்கள் ஆச்சேக்கும் ஜொகூருக்கும் பாந்தானுக்கும் போயினர். துறைமுகம் நின்றது, கப்பல்களும் வந்தன. ஆயினும் எண்பத்து நான்கு மொழிகளின் சந்தை மீளவில்லை.

அதன் பின்னான கதை நமக்குப் பழக்கமானது. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1641இல் மலாக்காவைப் பறித்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பறித்தனர். ஆங்கிலேயர் 1795இல் மலாக்காவுக்கு வந்தனர். 1796இல் கொழும்புக்கு வந்தனர். 1807இல் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு வாயில் மட்டும் தப்பியது. 1819இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் புதிய துறைமுகம் தொடங்கவே, எஞ்சிய வாணிபமும் அங்கே போயிற்று. ஆற்று முகமோ சேறடைந்தது. பெருங்கப்பல்கள் தூரக் கடலிலே நின்றன. ஆறு தூர்ந்ததால் துறைமுகம் அழிந்தது என்று பலர் சொல்வார்கள். நான் கொள்வது வேறு. முதலில் தூர்ந்தது நம்பிக்கை. சேறு பிறகுதான் வந்தது.

படகு மேலே மேலே போயிற்று. வளைவு ஒன்றைத் தாண்டியதும் கம்போங் மோர்ட்டன் என்ற மலாய்க் கிராமம் தெரிந்தது. 1920களில் உருவான குடியிருப்பு. மரவீடுகளும் சாய்ந்த கூரைகளும் பூச்சாடி வைத்த படிக்கட்டுகளும் கண்ணுக்கு இதமாயிருந்தன. கரைச்சேற்றில் பெரிய கபரகொய்யா ஒன்று படகைப் பொருட்படுத்தாமல் படுத்திருந்தது. ஒரு காலத்தில் இந்த ஆறு நாற்றமெடுத்துக் கிடந்ததாம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சுத்தம் செய்து, கரைகளில் நடைபாதை போட்டு, உல்லாசப் படகுகளை விட்டார்கள். 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் பினாங்கின் ஜோர்ஜ் டவுனையும் உலக மரபுரிமை நகரங்களாக அறிவித்தது. பாராட்டத்தான் வேண்டும். செத்த ஆறு ஒன்று மீண்டும் மனிதரைச் சுமக்கிறது.

மூதாட்டி என் அருகில்தான் அமர்ந்திருந்தார். வணிகர் வீதிகளின் பக்கம் கைகாட்டி, "எங்கள் கோயில் அங்கே இருக்கிறது" என்றார். ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். 1781இல், ஒல்லாந்தர் காலத்தில், செட்டித் தலைவரான தைவநாயகம் செட்டியால் எழுப்பப்பட்டது. அதே வீதியில் கம்போங் கெலிங் பள்ளிவாசல்; சற்றுத் தள்ளிச் சீனர் கோயில். அவர் வீட்டில் பொங்கல் உண்டாம். போகியன்று முன்னோர்க்குப் படையலும் உண்டாம். மொழி மட்டும் எப்போது போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. மலாய்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்ட வணிகரின் வழிவந்தவர்கள் அவர்கள். துறைமுகத்தை விட்டு மற்றவர்கள் போனபோது போகாமல் இருந்தவர்கள்.

பொய்யாத விநாயகர்! பொய் சொல்லாத பிள்ளையார். வணிகர் வாழ்ந்த ஊரில் அவர்கள் தம் தெய்வத்துக்கு இட்ட பெயர் அது என்பதை எண்ணியபோது என் மனம் சற்றுக் கனத்தது.

விளக்கேற்றும் நேரத்தில் படகு திரும்பியது. மறுபடியும் பாலத்தின் கீழே நுழைந்தோம். கழிமுகத்தில் அந்தப் பெரிய கப்பல் இருட்டிலே நின்றது. அதன் பெயர் புளோர் டி லா மார். கடல் மலர் என்பது பொருள். மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்றிக்கொண்டு அல்பூகேர்க் புறப்பட்ட கப்பல். 1511 நவம்பரில் சுமாத்திராக் கரையருகே புயலில் மூழ்கியது. செல்வம் இன்றுவரை மேலே வரவில்லை.

"கபல்!" என்றது பிள்ளை, தூக்கக் கலக்கத்தில்.

"ஓம், கப்பல்" என்றேன் நான். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்கக்கூடியது அந்த ஒரு சொல்தான். அதையும் அதன் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள்.