மருந்து கெட்டித்த கைகள்

அம்மையார்குப்பம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தறியோசையும் சேலையுமே. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் அது. திருத்தணி வட்டாரம் முன்பு கார்வேட்டிநகர் ஜமீனில் அடங்கியிருந்தது. 1960இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. இந்த ஊருக்குத் தெற்கே, அதிகத் தொலைவில்லாத சோளிங்கரில், 1781ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஒரு பெரும்போர் நடந்தது. ஐதர் அலியின் மைசூர்ப் படையும் ஐர் கூட்டின் கும்பினிப் படையும் அங்கே மோதின. வரலாற்று நூல்கள் இவ்விரு தலைவர்களைப் பற்றி விரிவாகவே பேசுகின்றன. அன்று களத்தில் நின்று துப்பாக்கியில் மருந்து கெட்டித்தவனைப் பற்றி அவை பேசுவதில்லை. அந்தப் போரை அவன் கைகளின் வழியே பார்க்க இக்கட்டுரையில் முயல்கிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். துருக்கிய மூலமுடைய 'துப்பாக்கி' தெலுங்கிலும் 'துபாகி'யாக வழங்குகிறது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் 'துப்பாக்கி' வேறு. அது உணவாக்கும் மழையைப் பற்றியது. மழையோ இந்தப் புதிய துப்பாக்கிக்குப் பெரும்பகை என்பது சுவையான முரண். ஆயுதத்தின் பெயரைக் கடன் வாங்கிய நம்மவர், அதன் உறுப்புகளுக்குத் தம் சொற்களையே சூட்டினர். கல்லைக் கவ்வி நிற்கும் சுத்தியலுக்குக் 'குதிரை' என்று பெயர். குழலின் பக்கவாட்டில் நெருப்பு நுழையும் சிறு துளைக்குப் 'பற்றுவாய்' என்று பெயர். புழங்கிய கைகளே இப்படிப் பெயரிட முடியும்.

சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியைக் கெட்டிப்பது எப்படி? வீரன் காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். பற்றுவாயை ஒட்டிய சிறு கிண்ணியில் சிட்டிகை மருந்தை இட்டு, அதன் எஃகு மூடியைச் சாத்துவான். துப்பாக்கியை நிமிர்த்தி, மீதி மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டுவான். ஈயக் குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்குவான். கம்பியை அதன் இடத்தில் செருகி, குதிரையை முழுவதும் பின்னுக்கு இழுப்பான். விசையை அழுத்தியதும் குதிரை பாய்ந்து, கல் எஃகில் உரசும், மூடி திறக்கும், பொறி கிண்ணி மருந்தில் விழும், அந்த நெருப்பு பற்றுவாய் வழியே உள்ளே புகும். கிண்ணியில் பளிச்சிடுவதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையே ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தில் கை அசைந்தால் குறி தவறும். கல் மழுங்கினாலோ மருந்து நமுத்தாலோ வெடி கிளம்பாது.

பயிற்சி பெற்ற வீரன் இத்தனையையும் செய்து ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுட்டான். கும்பினித் துப்பாக்கியின் குழல் வாய் முக்கால் அங்குலம். குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. அந்தத் தளர்ச்சியால்தான் கெட்டிப்பது எளிதாயிற்று. அதற்கு விலையாகக் குறி போயிற்று. நூறு கஜத்துக்கு அப்பால் தனி ஆளைக் குறிபார்த்து வீழ்த்துவது அரிது. எனவேதான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

இதற்கு நேர்மாறானது சிறுவாய் ரைபிள். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், குழலின் உட்புறத்தில் திருகுபுரி வெட்டி நீண்ட துப்பாக்கிகளைச் செய்தனர். பின்னாளில் அணில் வேட்டைக்கென அவ்வகையிலேயே ஏறத்தாழ 0.36 அங்குல வாயுள்ளவையும் வந்தன. கொழுப்புத் தடவிய சிறு துணித்துண்டில் குண்டைப் பொதிந்து குழலுக்குள் அழுத்துவார்கள். துணி புரியைப் பற்றிக்கொள்ளும். குண்டு சுழன்று நேராகச் செல்லும். ஒரு பவுண்டு ஈயத்தில் படைத்துப்பாக்கிக்குப் பதினான்கு குண்டுகள் தேறும். இதற்கோ நூறு தேறும். மருந்தும் மிகக் குறைவு. ஆனால் ஒரு முறை கெட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். குறியா, வேகமா என்ற இந்தக் கேள்வியே அக்காலத்துத் துப்பாக்கிகள் அனைத்துக்கும் அடிப்படை.

நம் பாளையங்களில் புழங்கிய திரித் துப்பாக்கியும் குறியின் பக்கமே நின்றது. நீண்ட குழல், சிறிய வாய், கனத்த சுவர். கும்பினித் துப்பாக்கியைவிட அதிக தூரம் எட்டக்கூடியது. குறை அதன் வேகத்தில் இருந்தது. எரியும் திரியைப் பேணிக்கொண்டே மருந்து கெட்டிக்க வேண்டும். ஐதர் அலி இதை உணர்ந்தவர். பிரெஞ்சுக்காரர் துணையோடு தம் காலாட்படையில் ஒரு பகுதிக்குக் கல்துப்பாக்கியும் அணிப்பயிற்சியும் அளித்தார். ஆகவே இதை வெறுமனே பழைய கருவிக்கும் புதிய கருவிக்கும் நடந்த போட்டியாகக் கொள்ள இயலாது.

1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதன் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியபின் எவ்வளவு பயின்ற கையும் பயனற்றுப் போயிற்று. மறு ஆண்டு சோளிங்கரில் நிலை மாறியது. தம் பீரங்கிகள் பின்வாங்க அவகாசம் தேடி ஐதர் குதிரைப்படையை ஏவினார். கும்பினியின் காலாட்படை வரிசை குலையாமல் கெட்டித்துச் சுட்டுக்கொண்டே நின்றது. எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய படை விலகிச் சென்றது.

அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அவர்கள் சென்னைச் சிப்பாய்கள். இந்த மண்ணின் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும். துப்பாக்கிக் கல் இங்கிலாந்தின் பிராண்டன் ஊரிலிருந்து வந்திருக்கலாம், வெடியுப்போ பீகாருடையது, கெட்டித்த கை நம்முடையது. வெற்றி மட்டும் கும்பினியின் கணக்கில் ஏறியது.

வெற்றி பெற்றவர்கள் அந்தக் கையின் திறனை நன்கறிந்திருந்தனர். தென்பாளையப் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் முதல் நாள் வெளியான சென்னை அரசின் பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. குடகர்களுக்கு மட்டும் 1861 முதலே விலக்கு இருந்தது. அது இன்றும் தொடர்கிறது. ஆட்சியாளர் நம்பியவனுக்கு ஆயுதம் மரபாயிற்று. நம்பாதவனுக்கு அதுவே குற்றமாயிற்று.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் கலை தமிழகத்தில் நீண்ட நாள் நிலைத்தது நரிக்குறவர்களிடம்தான். கல்லின் இடத்தில் கேப்பு வந்தபோதும் கையின் வரிசை மாறவில்லை: மருந்து, அடைப்பு, ரவை, மீண்டும் அடைப்பு, கம்பியால் இடி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. விலங்குகளைக் காக்க அச்சட்டம் தேவைதான். ஆனால் பிழைப்பை இழந்தவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சோளிங்கர்ப் போரைப் பாடமாகச் சொல்லும்போது கூட்டையும் ஐதரையும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். கூடவே, தோட்டாவைக் கடித்ததால் உதடு கறுத்து, மருந்துப் புகையில் கண் எரிய, இருபது நொடிக்கு ஒரு முறை அதே அசைவுகளைத் திரும்பச் செய்த அந்தப் பெயரில்லாதவனையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்வோம். துப்பாக்கியின் உறுப்புக்குக் குதிரை என்று பெயரிட்டவன் அவனாகவும் இருக்கலாம்.