கயிறும் சீட்டும்

பிறம்ரனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இரவு வேளைகளில் என் மகள் ஒரு டாரோ சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கொப்பியில் ஏதோ எழுதுவாள். சாத்திரம் பார்க்கிறாயா என்று கேட்டேன். "இல்லை அப்பா. இண்டைக்கு ஆரோடை அன்பாய் இருந்தனான், எதிலை சந்தோசப்பட்டனான் எண்டு யோசிக்க இது ஒரு சாட்டு" என்றாள்.

என் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் உண்டு. 2009க்குப் பிறகு, காணாமற்போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு எங்கள் உறவில் ஒரு தாய் சாத்திரிமாரிடம் அலைந்தார். ஒவ்வொருவரும் காசை வாங்கிக்கொண்டு 'இருக்கிறான்' என்றே சொன்னார்கள். அதை அருகிருந்து பார்த்தவர் அம்மா.

15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றியபோது டாரோ வெறும் விளையாட்டுத்தான். எங்கள் 304 போலவே துரும்பால் வெட்டி ஆடுகிற ஆட்டம். மிலான் பிரபுக்களுக்காகப் பொன்தகட்டில் தீட்டிய சீட்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. 1781இல் கூர் த ஷெபலன் என்ற பிரெஞ்சுக்காரர் இவை பழைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் குறி சொல்வோர் அதைப் பற்றிக்கொண்டார்கள். 1909இல் ஆர்தர் எட்வர்ட் வெயிற் திட்டமிட்டு லண்டனில் வெளியான 78 சீட்டுகளுக்குப் படம் வரைந்தவர் பமேலா கோல்மன் சிமித். சிங்கத்தின் வாயை வெறுங்கையால் மெல்ல மூடும் பெண்ணும், சூரியனுக்குக் கீழே வெள்ளைக் குதிரையில் வரும் குழந்தையும் அவர் வரைந்தவை. மகள் கருணையையும் மகிழ்ச்சியையும் தேடுவது இந்தப் படங்களில்தான்.

எங்களிடமும் இப்படி ஒன்று இருந்தது. திருமுறை ஏட்டுக்கட்டில் கயிறு சாத்தி, அது விழுந்த ஏட்டைப் படிப்பார்கள். 13ஆம் நூற்றாண்டில், பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் பிள்ளையில்லாக் கவலையோடு தம் குரு சகலாகம பண்டிதரிடம் போனதாகச் சைவ மரபு சொல்கிறது. குரு கயிறு சாத்தியபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அது நம்பிக்கை தந்தது; கூடவே, அவ்வூர் முக்குளத்தில் நீராடி வழிபடும் வழியையும் காட்டியது. கணவனும் மனைவியும் புறப்பட்டுப் போனார்கள். பிறந்த பிள்ளைதான் பின்னாளில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார். கயிறு சாத்திய குருவே பிறகு அவருக்குச் சீடராகி, அருணந்தி சிவாசாரியார் ஆனார்.

கனடாவில் குறி சொல்வதைத் தண்டிக்கும் விதி 1892ஆம் ஆண்டின் முதல் குற்றவியல் கோவையிலேயே இருந்தது. அதன் வழிவந்த 365ஆம் பிரிவை 2018 டிசம்பரில் நீக்கினார்கள். ஏமாற்றிப் பணம் பறித்தால் பொதுவான மோசடிச் சட்டம் இன்றும் பாயும். ஆனால் அந்தத் தாய் இழந்ததில் காசு மிகச் சிறிய பங்கு. பொய்யான ஒவ்வொரு 'இருக்கிறான்' என்ற சொல்லும் அவரது அழுகையைத் தள்ளிவைத்தது. அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

ஆகவே நான் பார்ப்பது சீட்டை அல்ல, கேள்வியை. 'அவன் இருக்கிறானா' என்பதற்குக் கடதாசியிடம் பதில் இல்லை. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் வேறு. 'நான் இன்று எப்படி இருந்தேன்' என்ற கேள்விக்குப் பதில் கேட்பவளிடமே இருக்கிறது. சீட்டு அவளைக் கொஞ்ச நேரம் இருத்திவைக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா இன்னும் அந்தச் சீட்டுகளைத் தொடுவதில்லை. போன கிழமை மட்டும், சிங்கத்தோடு நிற்கிற பிள்ளை ஆர் என்று பேத்தியிடம் கேட்டார்.