மனோன்மணியும் ஒரு மாணவனின் கேள்வியும்

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் குணங்குடி மஸ்தான் சாகிபைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மனோன்மணிக் கண்ணி இறைவனை ஒரு பெண்ணாக, காதலியாக விளித்துப் பாடப்பட்டது என்று சொன்னதும் பின்வாங்கிலிருந்து ஒரு கை எழுந்தது. "சேர், அல்லாஹ்வ மனிச உருவத்தில நினைச்சிப் பாடினா அது சிலை வணங்கிற மாதிரித்தானே? அப்ப மஸ்தான் சாகிபு செஞ்சது ஷிர்க்தானே?"

எனக்கு உடனே விடை வரவில்லை. அட்டாளைச்சேனையில் எங்கள் வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டே மஸ்தான் சாகிபின் பாடல்களை முணுமுணுக்கும் என் உம்மும்மாதான் நினைவுக்கு வந்தார். எழுத வாசிக்கத் தெரியாதவர். ஒரு நேரத் தொழுகையையும் களாவாக விடாதவர். மாணவன் அறியாமலே அவரையும் கூண்டில் ஏற்றிவிட்டான். 'நாளைக்குச் சொல்றன்' என்று அன்று தப்பித்துக்கொண்டேன். அந்த நாளை மூன்று வாரமாயிற்று. அதற்குள் தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

மஸ்தான் சாகிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்தார். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றார். திருமண ஏற்பாட்டை விட்டு விலகித் துறவு பூண்டார். 1838இல் சென்னை இராயபுரத்தில் மௌத்தானார். அரபும் தமிழும் ஒருங்கே கற்ற அவருக்கு மனோன்மணி என்பது சைவர்கள் சக்திக்கு வழங்கும் பெயர் என்று தெரியாதிருக்க முடியாது. சித்தர்களின் மொழியில் புழங்கிய அந்தப் பெயரைத் தெரிந்தேதான் அவர் எடுத்தாண்டார். ஆனால் அவர் மனோன்மணிக்குச் சிலை வைக்கவில்லை, பூவும் சாத்தவில்லை. அந்த உருவம் சொல்லுக்குள் பிறந்து சொல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது.

இப்படிப் பாடியதற்காகக் கேள்விக்குள்ளான முதல் ஆள் அவரல்லர். ஹிஜ்ரி 598இல் மக்காவுக்கு வந்த இப்னு அறபி, அங்கு கண்ட இஸ்பஹான் அறிஞர் ஒருவரின் மகளான நிழாமை முன்னிறுத்தி 'தர்ஜுமானுல் அஷ்வாக்' என்ற காதல் கவிதைகளைப் பாடினார். ஹலப் நகர உலமாக்கள் முகம் சுழித்தார்கள். அதனால் ஒவ்வொரு கவிதைக்கும் ஞானப் பொருளுரைத்து அவரே ஓர் உரையெழுத நேர்ந்தது. கவிஞன் தன் கவிதைக்குத் தானே உரையெழுதுவதைப் போன்ற தண்டனை வேறில்லை!

சொல்லில் வரும் உருவம் இருக்கட்டும். இறைவன் உண்மையிலேயே மனிதனாக வந்தான் என்று நம்பி ஒரு மனிதரை வணங்குவதை என்னவென்பது? நமது அகீதாவில் இதற்கு இரண்டு விடை கிடையாது. இறைவன் ஒரு படைப்புக்குள் இறங்குகிறான் என்ற 'ஹுலூல்' கொள்கையை அஷ்அரிகளும் மாத்துரீதிகளும் ஹன்பலிகளும் ஒன்றாகவே மறுத்தார்கள். நானும் அதில்தான் நிற்கிறேன். ஆனால் அது தவறு என்பதும், அது மக்கத்துக் குறைஷியரின் சிலை வணக்கமேதான் என்பதும் ஒரே பேச்சல்ல. அல்-மாயிதா அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். மர்யமின் மகன் மஸீஹே அல்லாஹ் என்று சொல்வது குப்ர் என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது (5:17, 5:72). அதே அத்தியாயம்தான் (5:5) வேதக்காரரின் உணவை நமக்கு ஹலாலாக்கி, அவர்களின் கற்புள்ள பெண்களை மணக்கவும் அனுமதிக்கிறது. சிலை வணங்கும் முஷ்ரிக்குகளை மணப்பதையோ அல்-பகரா (2:221) தடுக்கிறது. கொள்கையைக் கண்டித்த வேதமே கொள்கையாளரை வேறொரு வகுப்பில் வைத்திருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த முஸ்லிம்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக எழுந்தது. 711இல் சிந்துவுக்குள் நுழைந்த முஹம்மது பின் காசிம், அங்கிருந்த கோயில்களைக் கிறிஸ்தவ, யூத ஆலயங்களோடும் மஜூசிகளின் நெருப்பாலயங்களோடும் ஒப்பிட்டு அவற்றை விட்டுவைத்ததாக பலாதுரீ எழுதுகிறார். (நமது ஷாஃபிஈ மத்ஹப் இதில் இறுக்கமானது, ஹனபிகள் இளகியவர்கள்.) மூன்று நூற்றாண்டுகளின் பின், 1030 அளவில் அல்-பிரூனி தமது இந்திய நூலில் சிலை வணக்கத்தின் தோற்றத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இந்துக்களில் கற்றோர் அருவமான ஒருவனையே நாடுகிறார்கள். சிலை பாமரருக்கானது என்றார். அதோடு விட்டிருந்தால் அதை வெறும் பயணக் குறிப்பென்று தள்ளியிருக்கலாம். தொடர்ந்து நம் பக்கம் திரும்புகிறார். நபியவர்களின் படத்தையோ மக்காவின் படத்தையோ கல்லாத ஒரு முஸ்லிமிடம் காட்டினால், அவர் அதை முத்தமிட்டுக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வார் என்கிறார். கண்ணால் காண்பதைப் பற்றிக்கொள்ளும் இயல்பு எல்லாச் சமூகத்துப் பாமரருக்கும் பொது என்பது அவர் கருத்து.

டில்லியில் வாழ்ந்து 1781இல் கொல்லப்பட்ட நக்ஷபந்தி ஷெய்கு மிர்ஸா மள்ஹர் ஜானே ஜானான் இன்னும் ஒரு படி போனார். அரபு முஷ்ரிக்குகள் சிலைக்கே சுயமான சக்தி உண்டென்று நம்பினார்கள். இந்துக்களோ உருவத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தி அதன் வழியே இறைவனை நோக்குகிறார்கள். இது தம் ஷெய்கின் உருவத்தை மனதில் நிறுத்தும் ஸூபிகளின் 'ராபிதா'வைப் போன்றது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். இந்த ஒப்புமை எனக்கு முழுதாக ஏற்புடையதல்ல. முரீது தன் ஷெய்குக்கு ஸுஜூது செய்வதில்லை. ஆனால் பிறரின் வணக்கத்தை எடைபோடுமுன் தன் வீட்டுத் தராசைச் சரிபார்த்த அவருடைய நேர்மை என்னைக் கவர்ந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியாது. நமது மாகாணத்துக் காத்தான்குடியிலேயே 'எல்லாம் அவனே' என்ற கொள்கையைப் போதித்த ஒரு மௌலவிக்கெதிராக 1979இல் அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா முர்தத் பத்வா வழங்கியது. 2006 டிசம்பரில் அங்கே இன்னொரு தரீக்காவின் தலைவர் மௌத்தானபோது, அடக்கம் செய்யப்பட்ட அவருடைய ஜனாஸா தோண்டி எடுக்கப்பட்டது. அவர்களின் கொள்கையை நான் ஏற்கவில்லை. ஆயினும் ஒரு கபுறைத் தோண்டுமளவுக்கு ஒரு சொல்லுக்குப் பலம் வந்துவிட்டதென்றால், அந்தச் சொல்லை வகுப்பறையில் ஒரு பதினைந்து வயதுப் பையன் கையில் நான் எப்படிக் கொடுப்பேன்?

மூன்று வாரம் கழித்து அவனுக்கு இவ்வளவையும் சொன்னேன், கபுறின் கதை தவிர. மனோன்மணியை ஒரு கவிஞனின் உவமையாகப் படி, வணக்கத்துக்கு உன் தொழுகை இருக்கிறது என்றேன். அவன் முகத்தில் திருப்தி தெரியவில்லை. "அப்ப பாமரர் அத உவமையெண்டு விளங்காம விட்டா, சேர்?" என்றான். அல்-பிரூனியும் அதைத்தான் கேட்டார் என்றேன். பெயரை எழுதச் சொல்லிக் கேட்டான். கரும்பலகையில் எழுதினேன்.